ஏழு வானம் வேறு, நூறு படி வேறு

முதல் வானத்துக்குப் பெரிதாக வேலை எதுவும் கிடையாது. காலையில் உள்ளே போகும், மாலையில் வெளியே வரும், அவ்வளவுதான். பெயர் விலோன். திரைச்சீலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. யூத ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூதில் ஹகிகா என்ற பகுதியில் ரேஷ் லாகிஷ் என்ற யூத ரபி வானங்களை இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார். இரண்டாவது ராக்கியா, சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் அங்கேதான் பதிந்திருக்கின்றன. மூன்றாவதான ஷெஹாக்கிமில் திரிகைகள் ஓடுகின்றன. நல்லவர்களுக்காக மன்னா என்ற வான உணவு அரைபடுகிறது. நான்காவதில் பரலோக எருசலேமும் அதன் ஆலயமும் இருக்கின்றன, மிகாவேல் தூதர் பலி செலுத்துகிறார். ஐந்தாவதில் தேவதூதர்கள் இரவெல்லாம் பாடுகிறார்கள். பகலில் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது இஸ்ரவேலர் பாடும் நேரம். ஆறாவது பனிக்கும் கல்மழைக்கும் புயலுக்கும் கிடங்கு. அதன் கதவுகள் நெருப்பு. ஏழாவதான அராவோத்தில்தான் நீதியும் சமாதானமும், நல்லவர்களின் ஆன்மாக்களும், இனிப் பிறக்கப்போகிறவர்களின் ஆன்மாக்களும், இறந்தவர்களை எழுப்புவதற்கான பனித்துளியும் இருக்கின்றன. பூமியிலிருந்து வானத்துக்கு 500 வருஷ நடை. வானத்தின் கனமும் 500 வருஷ நடை. எனக்கு இதில் பிடித்தது மாவரைக்கும் வானம்தான்.

ஆறு வானம் ஏறியும் செத்துப்போன மனிதர் ஒருவரைக்கூட நாம் பார்க்கவில்லை. பரிசு வாங்குகிறவர்களின் தரவரிசையை ரேஷ் லாகிஷ் இங்கே பேசவே இல்லை. மழை எங்கிருந்து வருகிறது, வெயில் எப்படி வருகிறது, கடவுளின் அரியணை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அவருடைய விஷயம். சொல்லப்போனால் இது வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் சமாசாரம்.

'ஏழு சொர்க்கங்கள், ஏழு நரகங்கள்' என்று அடுக்குமாடி வரைபடம் போட்டுச் சுற்றுக்கு விடப்படும் படங்களில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வானத்துக்கு எத்தனை தளம் என்பது ஒன்று. செத்தபிறகு மனிதர்களுக்குள் எத்தனை தரம் என்பது இன்னொன்று. முதல் கேள்வி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் கேட்டது. இரண்டாவது, ஊரில் நடக்கும் அநியாயத்தைப் பார்த்தவர்கள் கேட்டது. தமிழில் வானம் என்றும் சொர்க்கம் என்றும் நமக்கு இரண்டு சொல் இருப்பதால் நாம் குழம்ப வேண்டியதே இல்லை. அரபியிலும் அப்படித்தான்: சமா என்றால் வானம், ஜன்னத் என்றால் சுவனத் தோட்டம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் ஓடுகிறது; வரைபடங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் நமக்கு வருகின்றன.

சரி, ஏன் ஏழு? வெறுங்கண்ணுக்குத் தெரியும் நகரும் ஒளிகள் ஏழு: சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொன்றும் ஒரு கோளத்தில் பதிந்து பூமியைச் சுற்றுகிறது என்று கிரேக்க வானியல் படம் போட்டது. ஏழு என்ற எண்ணுக்கு மெசொப்பொத்தேமியாவில் அதற்கும் முன்பே தனி மரியாதை உண்டு. பாதாளத்துக்கு இறங்கும் இனன்னா தேவி ஏழு வாசல்களைக் கடக்கிறாள். ஆனால் வானங்கள் என்று வரும்போது பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று மூன்றுதான் சொல்கிறது, ஒவ்வொன்றும் ஒரு வகைக் கல்லால் ஆனதாம். ஈரேழு பதினான்கு உலகம் கேட்டு வளர்ந்த நமக்கு ஏழு இயல்பாகத் தோன்றலாம். பழைய யூத, கிறிஸ்தவ நூல்களில் அந்த எண் அவ்வளவு உறுதியாக இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு மனிதன் மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்டான் என்கிறார். அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. பாரூக்கின் பெயரில் உள்ள ஒரு நூலில் ஐந்து வானம். ஆதாமின் வழிவந்த பழைய முன்னோர் ஏனோக்கின் பெயரில் உள்ள இரண்டாம் நூலில், பிரதியைப் பொறுத்து, ஏழு அல்லது பத்து. தல்மூதிலேயே ரபி யெஹூதா என்பவர் இரண்டுதான் என்கிறார்.

அந்த இரண்டாம் ஏனோக்கில் இன்னொரு வேடிக்கை. அதன் மூன்றாம் வானத்தில் மரங்களும் நறுமணமுமாகப் பரதீசு இருக்கிறது. அதே வானத்தின் வடபக்கத்தில் இருளும் நெருப்பும் வதையும். சொர்க்கமும் நரகமும் ஒரே தளத்தில், எதிரெதிர் வீடாக! மேலே போனால் நல்லது, கீழே போனால் கெட்டது என்ற இன்றைய கணக்கு அங்கே செல்லுபடியாகாது.

கிறிஸ்தவ வீடுகளில் தினமும் சொல்லும் ஜெபத்திலேயே இந்தப் பழைய பன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்கிறது பழைய தமிழ் வேதாகமம். மண்டலம் அல்ல, மண்டலங்கள். கிரேக்க மூலத்தில் 'வானங்களில்' என்றே இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பன்மையை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யும் சாலொமோன் ராஜா வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே என்று சொல்வதும் இதே வகைதான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். எபிரேய வேதத்தின் பழைய அடுக்குகளில் இதற்கு விடையே இல்லை. ஏனென்றால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள். அதன் பெயர் ஷியோல், தமிழ் வேதாகமத்தில் பாதாளம். அங்கே வாதையும் கிடையாது, பரிசும் கிடையாது, இருட்டும் மௌனமும்தான். கடவுள் கைவிட்ட சவுல் ராஜா, குறி சொல்லும் பெண்ணை வைத்து இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசியை எழுப்புகிறான். மேலே வரும் சாமுவேல் எரிச்சலோடு, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்கிறார். தீர்க்கதரிசியும் தள்ளுபடியான ராஜாவும் ஒரே இடத்தில். இப்போதைய வாசகருக்கு இது இடிக்கும். எழுதியவருக்கு இடிக்கவில்லை.

எப்போது இடிக்க ஆரம்பித்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஏனோக்கின் முதல் நூல் பகுதியில் விடை கிடைக்கிறது. எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் முழுமையாகத் தப்பிப் பிழைத்த நூல் அது. அரமேயத் துண்டுகள் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்தன. அதன் 22ஆம் அதிகாரத்தில் ஏனோக்கு மேற்கே ஒரு மலைக்குள் ஆழமான குழிகளைப் பார்க்கிறார். இறந்தவர்களின் ஆவிகளைத் தீர்ப்பு நாள் வரை வைத்திருக்கும் இடம். ஒன்று வெளிச்சமாக, நடுவில் நீரூற்றோடு இருக்கிறது: நல்லவர்களுக்கு. மற்றவை இருட்டு. அவற்றில் ஒன்று, உயிரோடிருந்தபோது தண்டனை கிடைக்காமலே நிம்மதியாகச் செத்துப் புதைக்கப்பட்ட பாவிகளுக்கு. கொல்லப்பட்டு, முறையிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒன்று. ஆபேலின் ஆவி தன் அண்ணன் காயீனின் மேல் இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருப்பதை ஏனோக்கு கேட்கிறார். பாவிகள்தான், ஆனால் வாழ்நாளிலேயே அடிபட்டு முடித்தவர்களுக்கு வேறொன்று.

இந்தப் பிரிவினையை நிதானமாகப் பார்த்தால், பிரித்தவனின் மனசு தெரிகிறது. 'அந்த ஆள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு எண்பது வயதில் படுக்கையில் சுகமாகப் போய்ச்சேர்ந்தானே' என்று திண்ணையில் புலம்புவோமே, அந்தப் புலம்பலுக்கென்றே ஒரு குழி ஒதுக்கியிருக்கிறான். கட்டடக்கலை பிறகு வந்தது. கி.மு. 160களில், யூதேயாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோக்கின் கொடுமையில் யூதச் சட்டத்தைக் காத்தவர்களே வெட்டுப்பட்டபோது, இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அப்போது எழுதப்பட்ட தானியேல் நூலின் கடைசி அதிகாரத்தில்தான், தூங்குகிறவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் விழித்தெழுவார்கள் என்ற பேச்சு எபிரேய வேதத்தில் தெளிவாக வருகிறது.

நரகத்துக்குப் பெயர் வந்தது நிஜமான ஓர் இடத்திலிருந்து. எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு, எபிரேயத்தில் கே இன்னோம். பிள்ளைகளை மோளேகு என்ற தெய்வத்துக்குத் தீயில் கொடுத்த இடமென்று வேதம் அதைச் சபிக்கிறது. யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தினார். அந்தப் பெயர்தான் கெஹின்னோம், கெஹென்னா, அரபியில் ஜஹன்னம் என்று யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மதங்களுக்கும் போய்ச்சேர்ந்தது. தல்மூதில் ரபி யெஹோசுவா பென் லேவி கெஹின்னோமுக்கு ஏழு பெயர் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனம் காட்டுகிறார். பெயர்கள் ஏழு என்றால் அறைகளும் ஏழு என்பது அடுத்த அடி.

குர்ஆனிலும் கிட்டத்தட்ட இதே பாதை. நரகத்துக்கு ஏழு வாசல்கள் உண்டு, ஒவ்வொரு வாசலுக்கும் பிரிக்கப்பட்ட ஒரு பங்கு உண்டு என்கிறது 15ஆம் அத்தியாயம். ஜஹன்னம், லளா, ஹுதமா, சயீர், சகர், ஜஹீம், ஹாவியா என்ற பெயர்கள் வேறு வேறு அத்தியாயங்களில் சிதறி வருகின்றன. வாசல்களையும் பெயர்களையும் பொருத்தி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, எந்த அடுக்கில் எந்தக் கூட்டம் என்று பட்டியல் போட்டவர்கள் பிற்கால விரிவுரையாளர்கள். பட்டியலுக்குப் பட்டியல் வரிசை மாறும். ஆனால் நரகத்தில் ஆழம் உண்டு என்பது குர்ஆனின் நேரடிச் சொல்: நயவஞ்சகர்கள் நெருப்பின் அடித்தட்டில் இருப்பார்கள் என்கிறது 4ஆம் அத்தியாயம். வெளிப்படையான எதிரியைவிட, கூடவே தொழுதுகொண்டு குழி பறித்தவனுக்கு இன்னும் கீழே இடம். மேலே ஏறும் படிக்குத் தரஜா, கீழே இறங்கும் படிக்குத் தரக் என்று அரபியில் தனித்தனிச் சொல்லே இருக்கிறது.

ஏழு வானங்கள் குர்ஆனில் பல இடங்களில் வருகின்றன. ஆனால் அவை சொர்க்கத்தின் ஏழு வகுப்புகள் அல்ல. மிஃராஜ் எனும் விண்ணேற்றப் பயணத்தில் நபிகள் நாயகம் அவற்றைக் கடந்துபோகிறார்: முதல் வானத்தில் ஆதம், இரண்டாவதில் ஈசாவும் யஹ்யாவும், மூன்றாவதில் யூசுஃப், நான்காவதில் இத்ரீஸ், ஐந்தாவதில் ஹாரூன், ஆறாவதில் மூஸா, ஏழாவதில் இப்ராஹீம். ஒவ்வொரு வானத்தின் கதவிலும் கூடவரும் வானவர் ஜிப்ரீல் தட்ட, 'யார்?' என்று உள்ளிருந்து கேள்வி வருகிறது. தினமும் 70,000 வானவர்கள் நுழையும் பைத்துல் மஃமூர் என்ற வானுலகத் தொழுகை இல்லம், அப்புறம் சித்ரத்துல் முன்தஹா எனும் எல்லை இலந்தை மரம். இந்தப் பயணத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே ஆலிப் புலவர் மிகுராசு மாலையாகத் தமிழில் பாடிவிட்டார்.

சுவனத்தின் படிகளுக்கு, நபியின் சொல்லும் செயலும் பதிவான ஹதீஸ் சொல்லும் கணக்கு நூறு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். எல்லாவற்றுக்கும் உச்சி ஃபிர்தவ்ஸ். அதற்கு மேலே இறைவனின் அரியணையான அர்ஷ், அதிலிருந்தே சுவன ஆறுகள் புறப்படுகின்றன. கேட்டால் ஃபிர்தவ்ஸையே கேளுங்கள் என்கிறது ஹதீஸ். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மரண அறிவிப்புகளின் கீழே 'ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ் கிடைக்கட்டும்' என்று எழுதுகிறார்களே, அது பொதுவாகச் சொர்க்கத்தைக் கேட்பதல்ல. அதன் உச்சியைக் கேட்பது. கீழ்ப்படியில் உள்ளவர்கள் மேல்மாடத்தில் உள்ளவர்களை, நாம் அடிவானத்தில் மின்னும் நட்சத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்களாம். குர்ஆனை ஓதியவரிடம், உலகில் ஓதியதுபோல ஓதிக்கொண்டே ஏறு, நீ ஓதும் கடைசி வசனத்தில் உன் இடம் என்று சொல்லப்படும் என்றும் ஒரு ஹதீஸ் உண்டு.

நரகத்தின் மறுமுனையும் அதே நுணுக்கத்தோடு இருக்கிறது. நபியை வளர்த்து, கடைசிவரை காத்து, ஆனால் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார் பெரிய தந்தை அபூதாலிப் என்பது சுன்னி மரபு. (ஷியாக்கள் இதை ஏற்பதில்லை, அவர் விசுவாசியாகவே இறந்தார் என்பார்கள்.) அவருக்குக் கணுக்கால் அளவு நெருப்பு, நான் இல்லையென்றால் அவர் அடித்தட்டில் இருந்திருப்பார் என்று நபி சொன்னதாக ஹதீஸ். அந்த ஆழமற்ற நெருப்பிலேயே மூளை கொதிக்கும் என்கிறது. இளக்கமும் இருக்கிறது, விதியும் தளரவில்லை. சட்டத்துக்கும் நன்றிக்கடனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை இது என்றுதான் எனக்குப் படுகிறது.

கிறிஸ்தவத்தில் மூல நூல் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறது. என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்று ஒரு வரி. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்று ஓர் உவமை. இதற்கு நேரெதிராக, திராட்சத் தோட்டத்தில் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி என்று இன்னோர் உவமை. இதை வைத்துக்கொண்டு சண்டை வராமல் இருக்குமா? ஜொவினியன் என்ற துறவி, ஞானஸ்நானத்தைக் காத்துக்கொண்டவர்கள் அனைவருக்கும் பரலோகத்தில் ஒரே பரிசு என்றார். கி.பி. 393 வாக்கில் திருச்சபை அறிஞர் ஜெரோம் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்: இயேசுவின் உவமையில் விதை நூறும் அறுபதும் முப்பதுமாகப் பலன் தந்ததல்லவா, நூறு கன்னியருக்கு, அறுபது விதவைகளுக்கு, முப்பது மணமானவர்களுக்கு! வென்றது தரவரிசைதான். 1439இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபுளோரன்ஸ் சங்கம், பரலோகத்தில் எல்லாரும் கடவுளைக் காண்பார்கள், ஆனால் தகுதிக்கேற்ப ஒருவர் மற்றவரைவிட நிறைவாகக் காண்பார் என்று எழுதிவைத்தது. அங்கே உயரம் என்பது பார்வையின் தெளிவு.

பொதுமக்கள் மனதில் பதிந்த படம் சங்கத்திலிருந்து வரவில்லை, 1320 வாக்கில் ஓர் இத்தாலியக் கவிஞர் முடித்த காவியத்திலிருந்து வந்தது. தாந்தே ஒன்பது வட்டமாக நரகத்தை இறக்கினார். அடியில் நெருப்பு கிடையாது, உறைந்த ஏரி; நம்பியவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அதில் புதைந்திருக்கிறார்கள். அடித்தட்டில் துரோகி என்பதில் குர்ஆனோடு ஒத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். மிஃராஜ் கதை 1264இல் ஸ்பெயினின் பத்தாம் அல்ஃபோன்சோ அரசவையில் இலத்தீனுக்குப் போனது. தாந்தே அந்த மரபுக்குக் கடன்பட்டவர் என்று 1919இல் அசின் பலாசியோஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதியதில் கிளம்பிய வாக்குவாதம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

எனக்கு தாந்தேயின் நரகத்தைவிட அவருடைய வானங்கள் சுவாரசியம். கீழ்த்தளமான சந்திரக் கோளத்தில் பிக்கார்தா என்ற பெண்ணைச் சந்திக்கிறார். துறவற வாக்கை முழுதாகக் காக்க முடியாமல் போனவள். மேலே போக ஆசை இல்லையா என்று கேட்கிறார். அவள் சிரிக்கிறாள், கொடுத்ததில் மனம் நிறைந்திருப்பதுதான் இங்கே இருப்பதன் பொருள் என்கிறாள். படி வைத்தால் பொறாமை வருமே என்ற சிக்கலை எல்லாரும் சந்தித்திருக்கிறார்கள். குர்ஆன், அவர்களின் நெஞ்சிலுள்ள குரோதத்தை நீக்கிவிடுவோம் என்று அதை முடிக்கிறது. அடுத்த பாடலில் தாந்தே தன் வரைபடத்தையே பாதி அழிக்கிறார்: உண்மையில் எல்லா ஆன்மாக்களும் ஒரே உச்ச வானில்தான் இருக்கின்றன, கோளம் கோளமாகக் காட்டுவது, மனிதப் புத்திக்குக் கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்பதற்காக. வானத்தின் தளத்தையும் மனிதனின் தரத்தையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்துப் படம் போட்டவர்கள் குழப்பிக்கொண்டார்கள்.

1832 பிப்ரவரியில் ஒஹையோவில் மார்மன் மதத்தின் ஜோசஃப் ஸ்மித்தும் சிட்னி ரிக்டனும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று மகிமைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஒரு சொர்க்கம் உண்டு. நரகம் என்றென்றைக்குமாகக் காத்திருப்பது மிகச் சிலருக்குத்தான்.

எத்தனை தளம் வைத்தாலும் தீராத ஆள் ஒருவர் இருக்கிறார். நடுவாந்தரமானவர். பெரிய நல்லவரும் இல்லை, பெரிய கெட்டவரும் இல்லை. அதாவது நம்மில் முக்கால்வாசி. குர்ஆன் அவரை அஃராஃப் என்ற மேட்டில் நிறுத்துகிறது. நன்மையும் தீமையும் சமமாகிப்போனவர்கள் அங்கிருந்து இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது பரவலான விளக்கம். கத்தோலிக்கர் அவரை உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு, அதாவது பரலோகம் போகுமுன் பாவக்கறை கழுவும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். 1274இல் லியோன் சங்கம் அதை ஏற்றது. 1517இல் லூத்தர் கேள்வி கேட்கக் கிளம்பியதே அங்கிருந்து ஆன்மாக்களை மீட்கச் சீட்டு விற்றதைப் பார்த்துத்தான். சீர்திருத்த சபைகள் அந்த இடத்தையே ஒழித்துவிட்டன. நவம்பர் 2இல் நம் ஊர்க் கல்லறைகளில் மெழுகுவத்தி எரிவது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகத்தான். யூதர்களில் ஷம்மாய் என்ற ரபியின் வழிவந்த பள்ளி, நடுவாந்தரக்காரர்கள் கெஹின்னோமில் இறங்கி, கீச்சிட்டுவிட்டு மேலே வருவார்கள் என்றது. ஹில்லேல் பள்ளி, இறைவன் தராசைக் கருணைப் பக்கம் சாய்ப்பார், இறங்கவே வேண்டாம் என்றது.

வாதைக்கும் விடுமுறை உண்டு. கெஹின்னோமில் சபத் எனும் வாராந்தர ஓய்வு நாளில் நெருப்பு ஓய்கிறது என்கிறது யூத ரபிகளின் மரபு. பவுலின் பெயரில் வழங்கும் பழைய கிறிஸ்தவக் காட்சி நூல் ஒன்றில் அந்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிடுகிறது.

தல்மூதின் சோட்டா என்ற பகுதியில் நரகத்தின் ஏழு அறைகளை எண்ணும் இடம் ஒன்று உண்டு, அழுகையை வைத்து. அப்பாவுக்கு எதிராகப் படையெடுத்து, மரக்கிளையில் தலைமுடி மாட்டித் தொங்கியபோது குத்துப்பட்டுச் செத்தான் அப்சலோம். சேதி கேட்ட தாவீது 'என் மகனே' என்று எபிரேயத்தில் எட்டு முறை கதறுகிறார். ஏன் எட்டு? ஏழு கதறல்கள் அவனைக் கெஹின்னோமின் ஏழு அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக மேலே தூக்கின. எட்டாவது அவனை வரும் உலகத்தில் சேர்த்தது.

வழக்கமாக இது மறுபக்கமாக நடக்கும், தூக்குகிறவன் மகன். கெட்டவர்களுக்குக் கெஹின்னோமில் 12 மாதம் என்று, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா தொகுப்பில் ரபி அகிவா சொல்லியிருக்கிறார். அதனால் அப்பாவோ அம்மாவோ இறந்தால் மகன் தினமும் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று காதிஷ் என்ற ஜெபம் சொல்வது, அந்த ஆன்மாவை மேலேற்றும் என்ற நம்பிக்கை வந்தது. கணக்குப்படி 12 மாதம் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரபி மோசே இசெர்லெஸ் பதிவுசெய்த வழக்கப்படி, 11 மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டாம் மாதமும் எழுந்து நின்றால், எங்கப்பா முழுத் தண்டனைக்கு உரியவர் என்று மகனே ஊர் முன்னால் சொன்னதாகிவிடும்.